ஜன்னல்களின் கதை – 17: பெயிண்ட் பிழைத்தது, வேர்ட்பேட் போனது

சென்ற வாரம் வாஷிங்டன் நீதிமன்றத்தில் விட்டோம். விண்டோஸிலிருந்து இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரைப் பிரித்தெடுக்க முடியாது, எடுத்தால் விண்டோஸே முடங்கிவிடும் என்று மைக்ரோசாஃப்ட் சாதித்துக்கொண்டிருந்தது. பிரின்ஸ்டன் பேராசிரியர் எட்வர்ட் ஃபெல்டன் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, எடுத்தே காட்டினார். அதை மறுக்க 1999 பிப்ரவரியில் நிறுவனம் போட்டுக்காட்டிய வீடியோவை அரசுத் தரப்பு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டார்.

உள்ளே சேர்ந்தது சேர்ந்ததுதான், வெளியே எடுக்க வழியில்லை. அன்றைய வாதத்தின் சாரம் அதுதான்.

அதே நிறுவனம் பிற்பாடு எத்தனையோ புரோகிராம்களை அலுங்காமல் எடுத்தது. ஒன்றை எடுக்கப்போகிறோம் என்றபோது உலகமே குறுக்கே விழுந்தது. இன்னொன்றை எடுத்தபோது ஏன் என்று கேட்க ஆளில்லை. இந்த வாரம் அந்த இரண்டும்.

* * *

2017 ஜூலை 24, திங்கட்கிழமை.

அந்த ஆண்டுக் கடைசியில் வரவிருந்த விண்டோஸ் 10 அப்டேட்டில் எவையெல்லாம் கழிக்கப்படும் என்று மைக்ரோசாஃப்ட் ஒரு பட்டியல் போட்டிருந்தது. கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்களைத் தவிர வேறு யாரும் திறந்து பார்க்காத வகைப் பக்கம் அது. அதில் ஒரு வரியில் பெயிண்ட் இருந்தது.

பட்டியலில் இரண்டு வகை உண்டு. உடனே நீக்கப்படுபவை ஒரு வகை. இருக்கும், ஆனால் இனி யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள், என்றாவது ஒருநாள் போய்விடும் என்பவை இன்னொரு வகை. பெயிண்ட் இரண்டாவதில்தான் இருந்தது. செய்தித் தலைப்புகளுக்கு அந்த நுணுக்கமெல்லாம் பொருட்டா? 32 வருட பெயிண்டின் கதை முடிந்தது என்று பிரிட்டனின் கார்டியன் எழுதியது. மற்றவையும் அப்படியே எழுதின.

அதே பட்டியலில் அவுட்லுக் எக்ஸ்பிரஸும் இருந்தது. இயங்காமல் கிடக்கும் பழைய நிரலை அகற்றுகிறோம் என்று ஒரு குறிப்பு, அவ்வளவே. ஒரு தலைமுறை முழுக்க அதில்தான் மின்னஞ்சல் எழுதியது. அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை.

பெயிண்டுக்கு மட்டும் ஏன்?

1985 நவம்பர் 20 அன்று விண்டோஸின் முதல் பதிப்பு வந்தபோதே பெயிண்ட் கூட வந்தது. கறுப்பு, வெள்ளை தவிர வேறு நிறம் தெரியாது அதற்கு. பிறகு நிறம் வந்தது. இணையம் வீட்டுக்கு வராத காலத்தில் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த குழந்தைக்குச் செய்ய இருந்தவை சொற்பம்: சாலிட்டேர், மைன்ஸ்வீப்பர், பெயிண்ட். மவுஸைப் பிடிக்கக் கை பழகியதே அவற்றில்தான்.

குழந்தைகள் மட்டுமில்லை. அமெரிக்காவில் ஹால் லாஸ்கோ என்று ஒருவர் இருந்தார். வேலையில் இருந்த காலத்தில் எழுத்துரு, வரைகலை என்று வாழ்ந்தவர். முதுமையில் பார்வை மங்கத் தொடங்கியது. எண்பது வயதைத் தாண்டியபின் பெயிண்டைக் கற்றுக்கொண்டு, திரையைப் பெரிதாக்கி, புள்ளி புள்ளியாக வைத்து ஓவியங்கள் தீட்டினார். 2014இல், 98 வயதில் இறந்தார். இப்படி ஒரு புரோகிராமை ஒரு பட்டியலின் வரியாக எழுதியவருக்கு, தான் எதில் கைவைக்கிறோம் என்று தெரிந்திருக்காது.

அன்று முழுவதும் சமூக ஊடகங்களில் பெயிண்டாலேயே வரைந்த அஞ்சலிப் படங்கள் பறந்தன. கோணல் மாணலான கோடுகள், கொட்டிப்போன நிறங்கள். கிண்டலும் துக்கமும் ஒரே படத்தில்.

அன்றே நிறுவனம் இறங்கிவந்தது. பெயிண்ட் எங்கும் போகாது, விண்டோஸ் ஸ்டோருக்கு இடம் மாறும், அங்கே இலவசமாகக் கிடைக்கும் என்று அதிகாரப்பூர்வ அறிவிப்பு வந்தது. எழுதியவர் மேகன் சாண்டர்ஸ்.

இந்தப் பெயரைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். ஒன்பது மாதம் முன்பு, 2016 அக்டோபர் 26 அன்று, நியூயார்க் மேடையில் பெயிண்ட் 3டி என்ற புதுப் புரோகிராமை உலகுக்குக் காட்டியவர் இவரே. பழைய பெயிண்டின் இடத்துக்கு வரவிருந்த வாரிசு அது. வாரிசை அறிமுகம் செய்தவரின் கையாலேயே பெரியவர் பிழைத்தார் என்ற அறிவிப்பும் எழுத வேண்டியதாயிற்று.

* * *

இதை முழு வெற்றி என்று நான் எழுத மாட்டேன். ஸ்டோருக்கு இடமாற்றம் என்பது பாதி வெளியேற்றம். தானாகவே இருப்பதும், தேடிப்போய் எடுத்துக்கொள்வதும் ஒன்றாகிவிடாது. பெயிண்ட் இருக்கிறதா என்று தேடுகிறவர் ஏற்கெனவே அதை அறிந்தவர்; அறியாதவர் எப்படித் தேடுவார்?

நிறுவனமும் உள்ளூர மனம் மாறியதாகத் தெரியவில்லை. அடுத்து வந்த பதிப்புகளில் பெயிண்டைத் திறந்தால் மேலே ஓர் எச்சரிக்கைப் பொத்தான் நின்றது. அழுத்தினால், இந்தப் புரோகிராம் விரைவில் ஸ்டோருக்குப் போகும் என்று சொல்லும். போகவில்லை. ஆண்டுகள் நகர்ந்தன. 2019 ஏப்ரலில், பெயிண்ட் விண்டோஸிலேயே இருக்கும் என்று நிறுவனத்தின் பிராண்டன் லெப்லாங்க் ட்விட்டரில் ஒரு வரி எழுதினார். பொத்தானும் காணாமல் போனது.

வாரிசு என்ன ஆனது? முப்பரிமாணப் படங்களை எல்லோரும் வீட்டில் வரைவார்கள் என்ற கணக்கு பொய்த்தது. அவற்றைப் பகிர்ந்துகொள்ள நடத்திய ரீமிக்ஸ்3டி தளம் 2020 ஜனவரியில் மூடப்பட்டது. 2024 நவம்பர் 4 அன்று பெயிண்ட் 3டி ஸ்டோரிலிருந்தே அகற்றப்பட்டது. அதற்குள் பழைய பெயிண்ட், லேயர், ஒளிபுகும் பின்னணி எல்லாம் பெற்று, 1985இல் பிறந்தது என்று சொன்னால் நம்ப முடியாத அளவுக்கு மாறியிருந்தது.

கூச்சல் போட்டால் காப்பாற்றலாம் என்று இதிலிருந்து தெரிகிறது. சரி, கூச்சல் போட ஆளில்லாவிட்டால்?

* * *

2023 செப்டம்பர் 1, வெள்ளிக்கிழமை.

அமெரிக்காவில் அது தொழிலாளர் தினத்தை ஒட்டிய நீண்ட விடுமுறை தொடங்கும் நாள். தற்செயலாகவும் இருக்கலாம். அதே மாதிரி ஒரு பட்டியல் பக்கத்தில் ஒரு பத்தி சேர்ந்தது. வேர்ட்பேட் இனி வளர்க்கப்படாது. வருங்கால விண்டோஸில் இருக்காது. அழகுபடுத்திய ஆவணங்களுக்கு வேர்டையும், வெறும் எழுத்துக்கு நோட்பேடையும் பயன்படுத்துங்கள்.

மூன்றே செய்திகள். அதில் கடைசிப் பரிந்துரையை இன்னொரு முறை படியுங்கள். நோட்பேட் இலவசம். வேர்ட் விலைக்கு.

வேர்ட்பேடின் வேரும் 1985இல்தான் இருக்கிறது. முதல் விண்டோஸில் ரைட் என்று ஒரு புரோகிராம் வந்தது. தடித்த எழுத்து, சாய்வெழுத்து, வரியின் இரு ஓரமும் சீராக நிற்கும் பத்தி, நடுவே படம் என்று டாஸ் திரைகளின் காலத்தில் அது பெரிய சொகுசு. 1995 ஆகஸ்ட் 24 அன்று விண்டோஸ் 95 வந்தபோது ரைட் விலகி வேர்ட்பேட் வந்தது. அதன் மூல நிரலைக்கூட மைக்ரோசாஃப்ட் மறைக்கவில்லை. விண்டோஸுக்குப் புரோகிராம் எழுதப் பழகுகிறவர்களுக்கு மாதிரிப் பாடமாக, விஷுவல் சி++ தொகுப்போடு சேர்த்தே கொடுத்தது.

அந்நாளைய நோட்பேடால் சுமார் 64 கிலோபைட்டைத் தாண்டிய ஃபைலைத் திறக்க முடியாது. ஃபைல் பெரிதாக இருக்கிறது, வேர்ட்பேடில் திறக்கட்டுமா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். பலருக்கு வேர்ட்பேட் அறிமுகமானதே இந்தப் பெட்டியின் மூலமாகத்தான்.

நம் பக்கத்தில் வேர்ட்பேடுக்கு வேறொரு உபயோகம் இருந்தது. யூனிகோடு பரவாத நாட்களில் தமிழ் என்பது ஃபாண்ட் விஷயம். பாமினி போன்ற ஃபாண்டுகளில், ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களிலேயே தமிழ் எழுத்துகளின் உருவம் உட்கார்ந்திருக்கும். ஃபாண்டை மாற்றினால் தமிழ், ஆங்கிலக் குப்பையாகிவிடும். நோட்பேடில் முழு ஃபைலுக்கும் ஒரே ஃபாண்ட்தான். தமிழ்ப் பத்தியின் நடுவே ஒரு ஆங்கிலப் பெயரோ முகவரியோ வேண்டுமென்றால் முடியாது. வேர்ட் வாங்காதவருக்கு, விண்டோஸோடு வந்த புரோகிராம்களில் இதற்குக் கைகொடுத்தது வேர்ட்பேட். ஒரு சொல் பாமினியில், அடுத்தது ஏரியலில். பிறகு விண்டோஸ் 2000, லதா ஃபாண்டோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்தபின் இந்தத் தேவை மெல்ல மெல்லக் கரைந்தது.

* * *

வேர்ட்பேட் ஒரே நாளில் போகவில்லை. அதன் சாவு கொஞ்சம் கொஞ்சமாகவே நடந்தது.

2004இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக் வந்தபோது, பழைய ரைட் ஃபைல்களைத் திறக்கும் வசதி பாதுகாப்புக் காரணம் காட்டி முடக்கப்பட்டது. தன் முன்னோரின் ஃபைலையே படிக்க முடியாத நிலை. அடுத்து வந்த விஸ்டாவில், பழைய வேர்ட் ஆவணங்களைத் திறக்கும் வசதியும் போயிற்று. வேண்டுமானால் வேர்ட் வியூவர் என்ற இலவசப் புரோகிராமை இறக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். 2017 நவம்பரில் அந்த வியூவரும் ஓய்வு பெற்றது.

நடுவில் ஒரு வசந்தமும் வந்தது. 2009இல் விண்டோஸ் 7இல் வேர்ட்பேடுக்குப் புது முகம் கொடுத்தார்கள். வேர்டைப் போலவே மேலே ரிப்பன். புதிய வேர்ட் ஆவணங்களையும், ஓபன் ஆஃபீஸ் வகை ஆவணங்களையும் ஓரளவு திறக்கும் திறன். அன்று பார்த்தவர்கள் இது வளரும் பிள்ளை என்றே நினைத்திருப்பார்கள்.

அதற்குப்பின் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. அந்த ரிப்பனோடு சுமார் பதினைந்து வருடம் அப்படியே நின்றது.

ஏன்? வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேர்ட்பேட் அந்தக் குடும்பத்தின் நடுப்பிள்ளை. மூத்தது வேர்ட், சம்பாதிக்கிற பிள்ளை. கடைக்குட்டி நோட்பேட், எளிமைக்காகவே எல்லோரும் கொஞ்சுவது. நடுவில் இருந்தது வளர வளர மூத்ததன் வருமானத்துக்கு இடைஞ்சல். வளராவிட்டால் யாருக்கும் தேவையில்லை. எழுத்துப்பிழை திருத்தும் வசதி வேர்ட்பேடுக்குக் கடைசிவரை கொடுக்கப்படவில்லை என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

ஆப்பிளில் கதை வேறு. மேக் கம்ப்யூட்டர்களில் டெக்ஸ்ட்எடிட் என்ற புரோகிராம் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்கிறது, இன்றும் இருக்கிறது. ஆப்பிள் எழுத்துப் புரோகிராம் விற்றுப் பிழைக்கும் நிறுவனம் இல்லை. அதன் பேஜஸ், புதிய சாதனம் வாங்குகிறவர்களுக்கு 2013 முதல் இலவசம். டெக்ஸ்ட்எடிட் இருப்பதால் அங்கே யாருக்கும் நஷ்டமில்லை.

விலைக்கணக்கு மட்டும்தான் காரணம் என்று முடித்துவிடவும் முடியாது. அறிவிப்பு வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. 2023 அக்டோபர் 10 அன்று வந்த மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டில் வேர்ட்பேடின் ஓட்டை ஒன்று அடைக்கப்பட்டது. விஷமமாகத் தயாரித்த ஒரு ஃபைலை வேர்ட்பேடில் திறக்கவைத்தால், விண்டோஸில் நுழையும் ஒருவரின் அடையாளச் சான்று குறியாக்க வடிவில் வெளியே கசியும். அடைக்கும் முன்பே தாக்குதல்காரர்கள் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள். யாரும் திறக்காத புரோகிராமும் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரு கதவாக இருக்கிறது. கதவு இருந்தால் காவல் வேண்டும். காவலுக்கு ஆள் போட மனமில்லாதவர் கதவைச் சுவராக்கிவிடுவார். இந்த நியாயத்தை ஒதுக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஓட்டை வேர்டிலும்தான் வருகிறது. வேர்டை யாரும் நீக்கப்போவதில்லையே.

* * *

பெயிண்டுக்கு வந்த கூச்சல் வேர்ட்பேடுக்கு வரவில்லை. தொழில்நுட்பத் தளங்கள் இரங்கல் குறிப்பு எழுதின. பழைய நினைவுகளைச் சிலர் பகிர்ந்துகொண்டார்கள். அடுத்த வாரத்தில் வேறு செய்தி வந்துவிட்டது. வேர்ட்பேடில் யாரும் ஓவியம் வரைந்ததில்லை. அதில் எழுதியது விண்ணப்பம், வாடகை ரசீது, குறிப்பு. எழுதினோம், அச்சடித்தோம், மூடினோம்.

உண்மையில் அதை நம்பியிருந்தவர்கள் சத்தம் போடும் இடத்தில் இல்லை. சர்வர் அறைகளில் வேலை செய்பவர்கள் அதில் ஒரு கூட்டம். சர்வரில் ஆஃபீஸ் தொகுப்பை யாரும் ஏற்ற மாட்டார்கள். மென்பொருளோடு வரும் ஆர்டிஎஃப் வகை விளக்கக் குறிப்பையோ உரிம ஒப்பந்தத்தையோ அங்கேயே திறந்து படிக்க இருந்தது வேர்ட்பேட்தான். விண்டோஸ் சர்வர் 2025இலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள்.

2024 ஜனவரி 4. சோதனைப் பயனர்களுக்கான விண்டோஸ் பதிப்பு ஒன்றில் முதன்முறையாக வேர்ட்பேட் இல்லை. புதிதாக இன்ஸ்டால் செய்தால் வராது என்ற அறிவிப்போடு இன்னொரு வாக்கியமும் இருந்தது. மீண்டும் நிறுவிக்கொள்ளவும் வழியிருக்காது.

பெயிண்டுக்கும் வேர்ட்பேடுக்கும் பாதை பிரிந்தது இந்த வாக்கியத்தில்தான் என்பேன். பெயிண்டுக்கு ஸ்டோரில் ஓர் இடமாவது தருவதாகச் சொன்னார்கள். வேர்ட்பேடுக்கு அதுவும் இல்லை. விருப்பப்பட்டவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு மூலையில் வைப்பதற்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? மொத்தமே சில மெகாபைட்டுகள்.

2024 அக்டோபர் 1 அன்று விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பு வெளியானது. அப்டேட் செய்தவர்களின் கம்ப்யூட்டரில் இருந்த வேர்ட்பேடும் அதோடு போயிற்று. அகற்றப்பட்ட ஃபைல்கள் மூன்றை நிறுவனமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. முதலாவது வேர்ட்பேட்.எக்ஸ்இ. இரண்டாவது அதன் துணை ஃபைல். மூன்றாவது ரைட்.எக்ஸ்இ.

ரைட்! 1995இலேயே விலக்கப்பட்ட ரைட்தான். அந்தப் பெயரில் ஒரு குட்டி ஃபைலை மட்டும் விண்டோஸுக்குள் விட்டுவைத்திருந்தார்கள். பழைய பழக்கத்தில் யாராவது ரைட் என்று தட்டினால் வேர்ட்பேடைத் திறந்துவிடுவது மட்டும்தான் அதன் வேலை. 29 வருடம் அந்த வேலையைப் பார்த்தது. திறந்துவிட ஒன்றுமில்லை என்றானபின் அதுவும் எடுக்கப்பட்டது.

பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஃபைல்களை நகலெடுத்துப் புதியதில் ஒட்டினால் வேர்ட்பேட் ஓடுகிறது என்று சிலர் கண்டுபிடித்தார்கள். ஓடத்தான் செய்கிறது. ஃபெல்டன் எடுத்துக் காட்டியதற்கு நேர்மாறான காட்சி.

* * *

கதை இங்கே ஒரு விசித்திரமான திருப்பம் எடுக்கிறது.

வேர்ட்பேட் என்பது உண்மையில் ஒரு மேல்சட்டை. உள்ளே எழுத்தை ஏந்தி, நிறமும் தடிமனும் கொடுத்துத் திரையில் காட்டிய இயந்திரத்தின் பெயர் ரிச்எடிட். அதை நெடுங்காலம் வளர்த்தவர் மரே சார்ஜென்ட். லேசர் இயற்பியலில் பேர்பெற்ற விஞ்ஞானி. மென்பொருளுக்கு வந்து, கணிதச் சமன்பாடுகளைக் கம்ப்யூட்டரில் அழகாக எழுதவைப்பதில் உழைத்தவர்.

2021இல் விண்டோஸ் 11க்காக நோட்பேடைப் புதுப்பித்தபோது, அதன் பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே எதைப் பொருத்தினார்கள் தெரியுமா? ரிச்எடிட்டைத்தான். வேர்ட்பேடின் உறுப்பு நோட்பேடுக்குள் போய்விட்டது. சட்டை மட்டும் கழற்றப்படக் காத்திருந்தது.

அடுத்தடுத்து நோட்பேடுக்கு வந்தவை இவை: டேப்கள், எழுத்துப்பிழை திருத்தம், செயற்கை நுண்ணறிவால் மாற்றி எழுதும் வசதி. 2025 மே மாதம் சோதனைப் பயனர்களுக்குத் தடித்த எழுத்து, சாய்வெழுத்து, தலைப்பு, பட்டியல் எல்லாம் வந்தன. வேர்ட்பேடை நீக்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. வெறும் எழுத்துக்கு நோட்பேட் என்று 2023இல் சொன்னதை அவர்களே மீறினார்கள். வெறும் எழுத்தாக இருந்ததால்தானே நோட்பேடை நேசித்தோம் என்று சிலர் முணுமுணுத்தார்கள். வேண்டாதவர்கள் அணைத்துவைக்க அமைப்புகளில் ஒரு பொத்தான் தரப்பட்டது.

விண்டோஸ் 10இல் வேர்ட்பேட் இன்னும் இருக்கிறது. ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

* * *

பெயிண்டைக் காப்பாற்றியது கூச்சல். வேர்ட்பேடின் விதியை நிறுவனம் தானே எழுதிக்கொண்டது. இரண்டிலும் சட்டம் என்று ஒன்று தலையிடவில்லை. எதை வைப்பது, எதை எடுப்பது என்ற அதிகாரம் கடைசிவரை மைக்ரோசாஃப்டின் தலைமையகமான ரெட்மண்டிலேயே இருந்தது.

2024 மார்ச்சில் அந்த அதிகாரத்தில் ஒரு விரிசல் விழுந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு, எட்ஜ் பிரவுசரை நீக்கும் பொத்தானை மைக்ரோசாஃப்ட் திறந்துவிட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் நேரடி வாரிசான அதே எட்ஜ்தான். எடுக்கவே முடியாது என்று 1998இல் சாதித்தவர்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் 30 நாடுகளில் மட்டும். கம்ப்யூட்டரை முதன்முதலில் அமைக்கும்போது எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை விண்டோஸ் குறித்துவைத்துக்கொள்ளும். அதை மாற்ற வேண்டுமென்றால் கம்ப்யூட்டரையே ரீசெட் செய்ய வேண்டும்.

பாரிஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடுகிற பிரவுசர், சென்னையில் அதே விண்டோஸில், அதே பொத்தான் மங்கிக் கிடக்க, போக மறுக்கிறது. இந்தக் கோட்டைப் பிரஸ்ஸல்ஸில் கிழித்தவர்கள் யார்? மைக்ரோசாஃப்ட் இந்த முறை ஏன் நீதிமன்றத்தில் மல்லுக்கு நிற்கவில்லை?

(அடுத்த வாரம்)